மார்ப்பிடுகு பெருங்கிணறு

மன்னர் கதையே வரலாறு என்று எண்ணும் மாணவர்க்குத் திருவெள்ளறைக் கிணறு ஒரு நற்பாடம். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலின் அருகே அஃது இன்றும் உள்ளது. நான்கு திசைப் படிவரிசைகளும் மடங்கி இறங்குவதால் சுவஸ்திக வடிவாய்த் தோன்றும். ஒரு துறையில் நீராடுவோரை மறுதுறையில் உள்ளோர் காண இயலாது.

பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது, கி.பி. 800ஐ ஒட்டிய காலம். 'மார்ப்பிடுகு' என்பது பல்லவர் விருதுப்பெயர். ஆயினும் கிணற்றை வெட்டுவித்தவன் மன்னனல்லன். ஆலம்பாக்கத்து விசையநல்லூழான் தம்பி கம்பன் அரையன். காக்கும் பொறுப்பு ஊரார் மூவாயிரத்தெழுநூற்றுவருடையது. மூப்பு வருமுன் அறம் செய்க என்று ஒரு பாடலும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

மண் சுமந்தோர் பெயர் மட்டும் அக்கல்லில் இல்லை. காஜாங் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய கிணறுகளுக்கோ கல்லே இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, கிணறுகளும் தூர்ந்தன. அந்நீரைக் குடித்து வளர்ந்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர்.

ஆசிரியர்களே, மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர், கிணறு இருந்த இடம், வெட்டியவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். அந்த ஏடே நமக்குக் கல்வெட்டாகும்.