சாயவேரும் சபையின் கடனும்

1. முன்னுரை

கொட்டிவாக்கத்தில் மாலை வேளையில் வீடு சந்திப்புக்குச் செல்லும் ஆயர், சபையாரின் முன்னறையில் அமர்ந்து வேதத்தைத் திறப்பதற்கு முன் அவர் கண்ணிற்படுவது துணி. சன்னல் திரை, நாற்காலி உறை, மேசை விரிப்பு, உள்ளறைக் கட்டிலின் போர்வை ஆகிய பலவற்றிலும் ஒரு கொடி வளைந்து செல்கின்றது. அல்லது ஒரு பூமரம் கிளை விரித்து நிற்கின்றது. பெரும்பாலும் அது இயந்திரத்தில் அச்சிடப்பட்டுக் கடையில் வாங்கப்பட்டது. வீட்டாரைக் கேட்டால் வெளிநாட்டு வடிவம் என்பர். உண்மையில் அப்பூமரம் இக்கரையிலிருந்து கப்பலேறிச் சென்று, அயல்நாட்டு இல்லங்களில் நெடுங்காலம் குடியிருந்து, திரும்பி வந்திருக்கும் வடிவம். அது சென்ற வழியில் ஓர் அருட்பணியாளரின் கடிதமும் உண்டு. அக்கடிதத்தின் வரலாற்றை எடுத்துரைத்து, இறையியல் கற்போரையும் கற்பிப்போரையும் நோக்கி அது எழுப்பும் கேள்வியைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கரையிலிருந்து கட்டிலுக்கு

துணியில் சித்திரம் எழுதித் திரையாகவும் விதானமாகவும் கட்டும் வழக்கம் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூவகைத் திரைகளையும் ஓவிய விதானத்தையும் அரங்கின் உறுப்புகளாகக் கூறுகின்றது. விவிலியத்திலும் இதன் சுவடு உண்டு. எஸ்தர் 1:6 சூசான் அரண்மனையின் தொங்குதிரைகளை வருணிக்கையில் 'கர்பாஸ்' என்னும் சொல்லை ஆள்கின்றது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அதைப் பச்சை நிறமெனக் கொண்டது. அது பருத்தியைக் குறிக்கும் 'கார்ப்பாச' என்னும் வடசொல்லின் வழிவந்ததென்பது அறிஞர் கருத்து. இந்தியப் பருத்தியின் பெயர் எபிரெய வேதத்துள் நுழைந்தது ஒரு வீட்டுத் திரையின் வாயிலாகவே என்பது நினைக்கத்தக்கது.

ஐரோப்பியர் இக்கரைக்கு வந்ததற்குத் துணி ஒரு முதன்மையான காரணம். 1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தைத் தேர்ந்ததற்கு, சுற்றுப்புறத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். பின்வந்த ஆளுநர்கள் நெசவாளரைக் குடியேற்றப் புதுப் பேட்டைகளை அமைத்தனர். காலடிப்பேட்டை ஆளுநர் காலெட்டின் பெயரைத் தாங்கியது; 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டையின் பெயரைச் சின்னத் தறிப்பேட்டை என்பர்.

வெளிநாடு சென்ற துணிகளுள் புகழ்பெற்றது சீட்டி, அதாவது எழுதுகோலால் சித்திரம் தீட்டிச் சாயமேற்றிய பருத்தித்துணி. இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ், 1663 செப்டம்பரில் தம் மனைவியின் படிப்பறைச் சுவருக்கு உறையிட இந்தியச் சீட்டி வாங்கியதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, 1643இல், ஆங்கிலக் கம்பெனியின் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதினர்: சிவப்புத் தரையுள்ள மெத்தை விரிப்புகள் இங்கு விரும்பப்படுவதில்லை, வெண்தரை மிகுதியாக, நடுவே கிளையும் பூவும் ஓவியன் விருப்பப்படி அமையட்டும் என்று. தரையின் நிறம் வாங்குவோரின் ஆணை. கிளையும் பூவும் எழுதுவோரின் உரிமை. பாரசீகம், சீனம், இங்கிலாந்து ஆகியவற்றின் சாயல்களைச் சோழமண்டலக் கரையின் கைகள் ஒன்றாக்கியபோது பிறந்ததே, 'பலம்போர்' எனப்பட்ட கட்டில் விரிப்பின் பூமரம்.

இதன் செல்வாக்கு ஐரோப்பிய நெசவாளரின் பிழைப்பைத் தாக்கிற்று. பிரான்சு 1686இல் சீட்டியைத் தடைசெய்து, 1759 வரை அத்தடையை நீட்டித்தது. இலண்டனில் 1719இல் பட்டு நெசவாளர் கலகம் செய்து, சீட்டி அணிந்த பெண்களின் ஆடைகளைத் தெருவிலேயே கிழித்தனர். அதன்பின் இயற்றப்பட்ட சட்டம் 1722 டிசம்பர் 25 முதல், அச்சிட்டதும் தீட்டியதுமான பருத்தித்துணியை உடையில் மட்டுமன்றிக் கட்டிலிலும் நாற்காலியிலும் சன்னல் திரையிலும் பயன்படுத்துவதைக் குற்றமாக்கிற்று. கிறிஸ்து பிறந்த நாளில் ஒரு நாட்டின் படுக்கையறைத் திரைகள் சட்டவிரோதமாயின. எனினும் ஆசை அடங்கவில்லை. நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்கு நண்பர்கள் பரிசளித்த கட்டில் திரைகளை 1775இல் சுங்க அதிகாரிகள் பறித்துக்கொள்ள, கணவர் மன்றாடி எழுத வேண்டியதாயிற்று. அவை இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

3. தொழிலின் நுட்பம்

ஐரோப்பியர் வியந்தது வடிவத்தை மட்டுமன்று. துவைக்கத் துவைக்க மங்காத நிறமே அவர்களுக்குப் புதிராயிருந்தது. அந்நுட்பத்தைச் சுருக்கமாகக் கூறுவோம்.

வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறம் பற்றுவதற்கும், பாலின் கொழுப்பு எழுதும் நீர் இழையில் பரவாமலிருப்பதற்கும் உதவும். பின் துணியை மரப்பலகையில் வைத்துத் தட்டி வழவழப்பாக்குவர். தாளில் வரைந்த வடிவத்தின் கோடுகளை ஊசியால் துளைத்து, துணிமேல் விரித்துக் கரிப்பொடியைத் தட்டினால் புள்ளிகள் விழும். அப்புள்ளிகளை இணைத்து மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பர். கருங்கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். செங்கோட்டுக்குப் படிக்கார நீர். படிக்காரத்துக்கு நிறமில்லை. ஆயினும் அது தொட்ட இடத்தில் மட்டுமே, பின்னர்ச் சாயவேர் இட்டுக் கொதிக்க வைக்கையில், சிவப்பு நிலைத்துப் பற்றும். மற்ற இடத்தில் ஏறிய நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். அவுரி நீலத்துக்கு வழி வேறு: நீலம் வேண்டாத இடமெல்லாம் உருகிய மெழுகால் மூடித் துணி முழுவதையும் தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. இவ்வாறு ஒரு விரிப்பு முடிய வாரங்கள் பல செல்லும். நெய்பவர், வெளுப்பவர், எழுதுபவர், மெழுகிடுபவர், சாயமிடுபவர் எனக் கைகள் பல.

இவ்வறிவு ஏட்டில் இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே வந்தது. அதுவே அக்குடும்பங்களின் காணியும் பொன்னும்.

4. 1742ஆம் ஆண்டுக் கடிதம்

இந்நிலையில்தான் நம் கடிதம் வருகின்றது. காஸ்தோன் லோரான் கேர்தூ என்னும் இயேசு சபைக் குரு 1732இல் இந்தியா வந்து, கர்நாடக மிஷனில் உழைத்தவர். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உறவுண்டென்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எடுத்துக்காட்டிய அறிஞர். அவர் 1742 ஜனவரியில் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தியர் சீட்டியைச் செய்யும் முறையைப் படிப்படியாக விவரித்தார். அடுத்த ஆண்டே இயேசு சபையாரின் மடல் தொகுப்பில் அது அச்சாயிற்று. சொல்லிக் கொடுத்தவர் யாவர்? அவருடைய மந்தையைச் சேர்ந்த புதுக்கிறிஸ்தவர்கள், அத்தொழிலில் தேர்ந்தவர்கள். அவர்களைக் கேட்டே எழுதியதாகக் குருவே கூறுகின்றார். ஐரோப்பாவின் கைத்தொழில்கள் செம்மையுற இது பயன்படும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, போலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஓவியரின் அருகில் நின்று, ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு அனுப்பினார். அத்துண்டுகள் பாரிசில் இன்றும் உள்ளன. அவர் அரசின் ஊழியர். தம் அரசுக்காகச் செய்தார். கேர்தூவின் செய்கை நம்மை வேறு விதமாக உறுத்துகின்றது. ஏனெனில் அவரிடம் வாய் திறந்தவர்கள் அரசு அதிகாரியிடம் பேசவில்லை. தங்களுக்குத் திருமுழுக்களித்த மேய்ப்பரிடம் பேசினார்கள்.

அக்கடிதம்தான் நம் ஓவியரின் தொழிலை அழித்தது என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. படிக்காரத்தின் பயனை ஐரோப்பியர் முன்பே ஓரளவு அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் 1676இலேயே துணி அச்சிடுவதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மூலூசில் 1746இலும், வெர்சாய் அருகே ஜூயியில் 1760இலும் அச்சுத்துணி ஆலைகள் எழுந்தன. 1783இல் தாமஸ் பெல் உருளையால் அச்சிடும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். சாயவேரின் சிவப்புக்கு உயிரான அலிசரின் 1868இல் ஜெர்மானிய ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. பொறியும் மூலதனமும் பேரரசின் வாணிகக் கொள்கையும் சேர்ந்தே இக்கரையின் தொழிலை வீழ்த்தின. கேர்தூவின் கடிதம் அப்பெருவெள்ளத்தில் ஒரு சிற்றோடை. எனினும் அவ்வோடை புறப்பட்ட இடம் ஆலய முற்றம் என்பதை நாம் மறக்கலாகாது.

5. நம் பக்கத்துக் கணக்கு

இதைப் படிக்கும் சீர்திருத்தச் சபையார், இது உரோமை மிஷனின் கதை என்று ஆறுதலடைவதற்கில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழரிடம் கேட்டும் அவர்தம் ஏடுகளைக் கற்றும் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு 1713இல் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டது. மிஷனெரிகள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை அகற்றுவதற்கு, அதைப் பரப்புவதற்கன்று எனக் கருதிய பிராங்கே அதை அச்சேற்றவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. சூழல்கள் வேறு, ஒப்பீடு முழுமையானதன்று. ஆயினும், இம்மக்களின் சாய முறை ஓராண்டில் அச்சேற, இம்மக்களின் நெஞ்சை அறிவிக்கும் நூல் நூற்றைம்பது ஆண்டு காத்திருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவில் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைக் குடிகளிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வருவாயால் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டனர் என மிஷன் வரலாறு கூறுகின்றது. இங்கே கைத்திறன் எடுக்கப்படவில்லை, கொடுக்கப்பட்டது. அதற்காகக் கடவுளைத் துதிக்கின்றோம். எனினும் அந்த லேஸ் விரிப்புகள் மேசைகளை அலங்கரித்தபோது நிலைத்த பெயர் கற்பித்த அம்மையாருடையது. பின்னிய விரல்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர் அல்லோம். இறையியல் மாணவராயிருந்தபோது, தென்மாவட்டச் சபையொன்றில் பனையோலைப் பெட்டி முடையும் மூதாட்டியரிடம் அமர்ந்து, முடைச்சல் வடிவங்களின் பெயர்களையும் அவற்றுக்கு அவர்கள் கூறிய பொருளையும் கேட்டு எழுதினோம். கட்டுரை பாராட்டப்பட்டது, பட்டத்துக்கும் உதவிற்று. அதில் அம்மூதாட்டியரைக் குறித்திருந்தது 'சபைப் பெண்கள் சிலர்' என்னும் மூன்று சொற்களே. பல்லாண்டு சென்றபின் அச்சபைக்குத் திருவிருந்து நடத்தச் சென்றோம். எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களுள் ஒருவர் மட்டும் உயிரோடிருந்தார். "ஐயா, நாங்க சொன்னதப் புஸ்தகத்துல போட்டீகளா? எம் பேரு இருக்கா?" என்று கேட்டார். மறுமொழி கூற இயலாமல் நின்றோம்.

6. பெசலெயேலின் பெயர்

வாசஸ்தலத்தின் திரைகளைப் பற்றிய வேதப் பகுதிகளைப் பலர் வாசியாமல் கடந்து செல்வர். இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்புமான நூல்களைப் பற்றிய அந்நீண்ட அதிகாரங்களில் நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. அப்பணியைச் செய்தவர்களை வேதம் பெயர் சொல்லி, தந்தை பெயர் சொல்லி, கோத்திரம் சொல்லி அறிமுகப்படுத்துகின்றது. யூதா கோத்திரத்து ஊரியின் குமாரன் பெசலெயேல். அவன் பாட்டன் பெயரும் அங்குண்டு. தாண் கோத்திரத்து அகிசாமாகின் குமாரன் அகோலியாப் (யாத். 31:2, 6). தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று வேதம் இவ்வளவு விரிவாகக் கூறும் முதல் மனிதர்களுள் ஒருவன், தீர்க்கதரிசியோ ஆசாரியனோ அல்லன். வடிவம் வகுக்கும் கைவினைஞன்.

மேலும், யாத். 35:34 அவ்விருவருக்கும் பிறருக்குப் போதிக்கும் மனமும் அருளப்பட்டதாகக் கூறுகின்றது. ஆகவே, தொழிலறிவைப் பகிர்வது பாவமன்று; கற்பிப்பதும் ஆவியானவரின் கொடையே. கேர்தூவின் ஓவியர்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தபோது அக்கொடையையே செலுத்தினார்கள். குறை கொடுத்தவரிடம் இல்லை. பெற்றவர், கொடுத்தவரின் பெயரையும் பயனையும் வழியில் விட்டுவிட்டார். அங்கேதான் கடன் பிறக்கின்றது. ஆட்டுமயிரையும் நூலையும் நூற்ற பெண்களின் பெயர்களை யாத். 35ஆம் அதிகாரமும் கூறவில்லை என்று ஒருவர் சுட்டலாம். சரியே. வேதம் தொடங்கிவைத்ததை நாம் நிறைவேற்ற வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

7. முடிவுரை

கொட்டிவாக்கத்துக்கு வடக்கே திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திரம், 1937இல் தொடங்கிய நெசவுப் பணியால் பழைய சேலை வடிவங்களைக் காத்தது. தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் பணிக்கர் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில், கலைஞர்கள் துணியில் பத்திக் முதலிய கைவினைகள் செய்து விற்றுத் தம் ஓவியப் பணிக்கு வழி கண்டனர். தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வடிவத்தை அது பிறந்த ஊரின் பெயரோடு பிணைக்க அரசின் சட்டம் முன்வந்துள்ளது. சபை பின்தங்கலாமா?

செய்யத்தக்கவை சிறியனவே. பிரசங்க பீடத்துக்கும் திருவிருந்து மேசைக்கும் துணி வாங்குகையில் நெய்தவர் யார் எனக் கேட்டு, சபைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம், அவர்களுக்காக ஜெபிக்கலாம். கள ஆய்வு செய்யும் மாணவர், தமக்குப் பாடலும் மருந்தும் கதையும் வடிவமும் சொன்னவர்களின் இசைவைப் பெற்று அவர்கள் பெயரை எழுதி, முடிந்த கட்டுரையை அவர்களிடம் கொண்டுசென்று வாசித்துக் காட்டலாம். அதனால் ஏதேனும் வருவாய் உண்டானால் பங்கும் தரலாம்.

பனையோலை பற்றிய நம் பழைய கட்டுரையை அண்மையில் மீண்டும் எடுத்தோம். அம்மூதாட்டியரின் பெயர்களைச் சபையின் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து தேடி, ஐந்து பெயர்களையும் முதற்பக்கத்தில் எழுதிச் சேர்த்தோம். கேள்வி கேட்ட தாயார் அதைக் காண இவ்வுலகில் இல்லை. அவர் பேத்தியிடம் அதைக் கொடுத்து வந்தோம்.