வாங்கும் காலமும் வாழும் ஊரும்

வீட்டை இன்றே வாங்குவதா, விலை இறங்கட்டும் என்று பொறுத்திருப்பதா என்னும் வினா புதியதன்று. விலையும் வரியும் ஏறும்போதெல்லாம் அது எழுந்தே வந்துள்ளது. ஆயினும், 1960களில் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வினாவினுள் மற்றொரு வினாவும் அடங்கியிருந்தது. எந்த ஊரில் வீடு என்பதே அது.

1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமைக்கப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், தொடக்கத்தில் வாடகை வீடுகளையே கட்டியது. வீட்டுடைமைத் திட்டம் 1964இல்தான் பிறந்தது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் ஈரறை வீடு 4,900 வெள்ளி; மூவறை வீடு 6,200 வெள்ளி. இன்று கேட்போர்க்குக் கட்டுக்கதை போல் தோன்றும் விலை! எனினும் மக்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினாரல்லர். விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகச் செலுத்த வேண்டியிருந்தது. வாங்கும் கூலியை வயிற்றுக்கும் ஊருக்குமாகப் பங்கிட்டு வாழ்ந்தவன் கையில் ஆயிரம் வெள்ளி ஏது? 1955 முதல் அவன் ஊதியத்தினின்று பிடிக்கப்பட்டு வந்த மத்திய சேமநிதியோ, முதுமைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று வாங்காதவரை ஏமாளிகள் என இன்று பேசுவது, அக்காலத்து நிலையை அறியாதார் கூற்றேயாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. துறைமுகத்திலும், இருப்புப்பாதையிலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும் பணிபுரிந்த பலர்க்கு வேலையுடன் குடியிருப்பும் கிடைத்தது. மனைவி மக்களைத் தமிழகத்தில் விட்டு வந்தோர் அவருட் பலர். திங்கள்தோறும் அனுப்பிய பணம் அங்கே காணி நிலமாகவும் ஓட்டு வீடாகவும் உருப்பெற்றது. இங்கிருப்பது தங்கல், அங்கிருப்பதே வீடு. இவ்வெண்ணம் வேரூன்றியிருந்தவரை, குவீன்ஸ்டவுன் விலை மலிவா மிகையா என்று எண்ணிப் பார்க்கவே அவர்க்குத் தேவை எழவில்லை.

1968ஆம் ஆண்டு இந்நிலையை அடியோடு அசைத்தது. 1971 இறுதிக்குள் தன் படைகளை மீட்டுக்கொள்வதாகப் பிரிட்டிஷ் அரசு ஜனவரியில் அறிவித்தது. வேலை போனால் குடியிருப்பும் போகும். அதே ஆண்டு செப்டம்பரில், சேமநிதிப் பணத்தைக் கொண்டு கழக வீட்டை வாங்கலாம் என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒரு கதவு அடைபட, மறு கதவு திறந்தது. ஆயின், திறந்த கதவில் நுழையக் குடியுரிமை வேண்டும். அதனைப் பெறாதிருந்தோர் பலர், கிடைத்த பணிக்கொடையுடன் கப்பலேறினர். குடியுரிமை பெற்றுக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டோர், சேமநிதியைத் துணைக்கொண்டு அடுக்குமாடியில் குடியேறினர். இவ்விரு சாராருள் யார் முடிவு சரி என்பதை விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் தீர்ப்பது அறமாகாது. எனினும், முடிவெடுக்காமலே காலந்தாழ்த்தியோர் இழந்தனர் என்பதை மறுக்க இயலாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பணவீக்கம் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டியபோது, சேமித்த வெள்ளி தேய்ந்தது. வீட்டு விலையோ வளர்ந்தது.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 1961 முதல் நடப்பிலுள்ள சொத்து வரி, வீட்டை வாங்கிய விலையைப் பார்ப்பதன்று. வாடகைக்கு விட்டால் ஓராண்டில் அது எவ்வளவு ஈட்டும் என்னும் மதிப்பையே பார்ப்பது. ஆதலின், மலிவாக வாங்கியவர்க்கும் அக்கம்பக்கத்து வாடகை ஏறினால் வரி ஏறலாம். உடையவரே குடியிருக்கும் வீட்டுக்கு விகிதம் குறைவு. 2023, 2024ஆம் ஆண்டுகளில் விகிதங்கள் இரு கட்டமாக உயர்த்தப்பட்டபோதும், உடையவர் வாழும் வீடுகளுள் ஆண்டு மதிப்பு 30,000 வெள்ளிக்கு மேற்பட்டவையே பாதிப்புற்றன. வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின்மீதோ சுமை முழுமையாக விழுந்தது. வரிக்கு அஞ்சி வாங்காதிருப்பவர், வாடகை வழியே பிறர் வரியில் ஒரு பங்கைச் சுமக்க நேர்வதும் உண்டு.

‘அன்றே வாங்கியிருக்கலாமே’ என்னும் பெருமூச்சைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை, 1990களில் விரைந்தது. விலை 1996இல் உச்சியைத் தொட்டது. மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. அந்த உச்ச விலையைச் சந்தை மீண்டும் கடக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அதுகாறும் வீட்டுக் கடனுக்கான தவணை மட்டும் சேமநிதியினின்று திங்கள்தோறும் தவறாது கழிந்துகொண்டிருந்தது.