சனிக்கிழமைக்கு கொரிய மொழியில என்ன?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு கொரிய வார்த்தை நிச்சயமா தெரிஞ்சிருக்கும். "பல்லி பல்லி!" சுவத்துல இருக்கிற பல்லி இல்லீங்க. சீக்கிரம், சீக்கிரம்னு அர்த்தம். நம்ம ஊர்ல பல்லி சொன்னா பஞ்சாங்கத்துல பலன் பார்ப்போம். இங்க பல்லி சொன்னா ஓடணும். அவ்ளோதான் வித்தியாசம் :-)

இந்த வார்த்தை இங்க வந்து சேர்ந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1996 மே மாசம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா கம்பெனியைத் தொடங்கினாங்க. இருங்காட்டுக்கோட்டையில ஆலை. 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ சந்தைக்கு வந்துச்சு. அதுக்குப் பின்னாடியே உதிரிபாகம் பண்ற கொரியக் கம்பெனிகள் ஒண்ணொண்ணா வந்தாங்க. 2007-ல சாம்சங். 2008-ல ஹூண்டாயோட ரெண்டாவது ஆலை. ராமானுஜர் பிறந்த ஊர்னு மட்டும் பேர் வாங்கியிருந்த இடத்துல, ஹங்குல் எழுத்துல சாப்பாட்டுக் கடை போர்டு தொங்க ஆரம்பிச்சுது. (ஹங்குல் - கொரிய எழுத்து. 1446-ல சேஜோங் ராஜா சாதாரண ஜனங்க படிக்கணும்னு வெளியிட்டது. சீன எழுத்து மாதிரி ஆயிரக்கணக்குல இல்ல, அடிப்படை எழுத்து 24தான். நம்ம 247-ஐ மனப்பாடம் பண்ணினவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.)

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த மொழி நம்ம பக்கம் வந்தது வேலைக்காக. அதனால நாம கத்துக்கிட்டதும் வேலை மொழிதான். "பல்லி", "நே" (ஆமாம்), "அனியோ" (இல்லை). மேலேர்ந்து கீழே வர்ற வார்த்தைகள். "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? எங்கயாவது போலாமா?"ன்னு கேட்க எந்த லைன்லயும் யாரும் சொல்லித்தர மாட்டாங்க.

எனக்கு அது தேவைப்பட்டுச்சு. என்னோட வேலை பார்த்த ஒரு கொரியர், என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். உள்ளே இருக்கும்போது அவர் "புஜாங்நிம்", அதாவது துறைத் தலைவர். ஒருநாள் டீ குடிக்கும்போது, "வெளியில என்னை ஹ்யோங்னு கூப்பிடு"ன்னார். ஹ்யோங்னா அண்ணன். ஆம்பளை ஒருத்தன் தன்னைவிட மூத்த ஆம்பளையைக் கூப்பிடறது, கூடப் பிறந்திருக்கணும்னு அவசியமில்ல. அட, நம்ம வழக்கம்! அன்னையிலேர்ந்து நான் அவருக்கு "தம்பி".

ஹ்யோங் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டேன்:

ஷிகன் இஸ்ஸொயோ? - நேரம் இருக்கா?
ஒன்ஜே? - எப்போ?
ஒதிசொ? - எங்கே வச்சு?
மன்னாயோ - சந்திப்போம்.
பாப் மொகொஸ்ஸொயோ? - சாப்டீங்களா? (நம்மள மாதிரியேதான். சும்மா விசாரிக்கிறது. உடனே இலை போட மாட்டாங்க.)

கடைசியில வர்ற "யோ"வை நம்ம "ங்க" மாதிரி வச்சுக்கலாம். மன்னா, மன்னாயோ - வா, வாங்க. நெருங்கினவங்ககிட்ட "யோ" உதிர்ந்துடும். மணி சொல்றதுதான் தலைவலி. மணிக்கு அவங்க சொந்த எண், நிமிஷத்துக்கு சீனத்துலேர்ந்து வந்த எண். மூணரை மணிக்கு "சே ஷி சாம்ஷிப் புன்". "சே"யும் மூணு, "சாம்"மும் மூணு!

இப்படி ஒரு நாளும் நேரமும் பேசி முடிவு பண்றதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு "யாக்சொக்". அதே சொல்லுக்கு வாக்குக் கொடுக்கிறதுன்னும் அர்த்தம். அதோட எடை அப்போ எனக்குப் புரியல.

காஞ்சிபுரம் போறதா திட்டம். அவருக்குக் கோயில் பார்க்கணும், அம்மாவுக்குப் பட்டு வாங்கணும். புதன்கிழமை பேசினோம். "அடுத்த சனிக்கிழமை, காலைல ஏழு மணி, சுங்குவார்சத்திரம்"னு நான் பெருமையா கொரிய மொழியிலயே சொன்னேன். "தாஉம் ஜு தோயோயில்."

மூணாம் நாள் சனிக்கிழமை. ரெண்டு மணி நேரம் நின்னேன். ஆளைக் காணோம், போனும் எடுக்கல. எனக்குச் சுருக்குனு கோபம். 'பெரிய ஆபீசர், நமக்காக எழுந்து வருவாரா'ன்னு என்னென்னமோ நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். வீம்பா நானும் பேசல. அதுக்கு அடுத்த சனிக்கிழமை காலைல ஏழே காலுக்கு போன். "தம்பி, ஒதி? நான் சுங்குவார்சத்திரம்."

தூக்கம் போச்சு. "தாஉம் ஜு"ன்னா அடுத்த வாரம். அடுத்த வாரம் மட்டும்தான். வர்ற சனிக்கிழமைன்னா "இபொன் ஜு", இந்த வாரம்னு சொல்லியிருக்கணும். நம்ம தமிழ்ல "அடுத்த சனிக்கிழமை"ன்னா ரெண்டுல எது வேணா இருக்கலாம். நாம அதோடயே வாழப் பழகிட்டோம். அவர் சொன்ன சொல்படி வந்து நின்னார். வாக்குத் தவறினது நான்.

நான் பல்லி பல்லின்னு கிளம்பி ஓடினேன். அவர் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். திட்டல. நோட்டை வாங்கி, பஸ்ல ஏழு கிழமையையும் வரிசையா எழுதிக் கொடுத்தார்.

இதுக்கு நடுவுல நான் என் ஆராய்ச்சியை எடுத்து விட்டேன். உங்களுக்கும் தெரிஞ்சதுதான். அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, புல்லுக்கு புல், நாளுக்கு நல், "வா"வுக்கு வா. அதனால கொரிய மொழி தமிழ்லேர்ந்து போனது! இதுக்கு ஒரு பழைய சாட்சியும் உண்டு. கால்டுவெல் திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை 1856-ல வெளியிட்டார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிச்சு, 1905-ல, ஹோமர் ஹல்பர்ட்ங்கிற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு சியோல்ல ஒரு புத்தகமே போட்டார். 1886-ல வாத்தியார் வேலைக்குக் கொரியா போனவர். பிற்பாடு அந்த நாட்டு விடுதலைக்காக நின்னவர். 1949-ல திரும்பிப் போய் அங்கேயே இறந்து, சியோல்லயே அடக்கமானவர். நல்ல மனுஷன். ஆனா அவர் கருத்தை மொழியியல்காரங்க இன்னைக்கு ஏத்துக்கறதில்ல.

ஏன்னு நானும் பிறகு படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சொந்தம்னா ஒலி மாற்றம் ஒழுங்கா இருக்கணும். தமிழ்ல "ப" வந்தா கன்னடத்துல "ஹ" வரும்: பால் - ஹாலு, பல் - ஹல்லு, போ - ஹோகு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா வரும். தமிழுக்கும் கொரியத்துக்கும் நடுவுல அப்படி ஒரு விதி கிடையாது. "வா"வையே எடுங்க. நமக்கு வந்தேன், அவங்களுக்கு "வஸ்ஸொ". வினையடியே "ஒ"ன்னுதான் இருக்கு. அம்மா, அப்பா மாதிரி சொல்லு உலகத்துல எத்தனையோ மொழியில குழந்தை வாயில வர்றது. வினை கடைசியில வர்றது ஜப்பான், துருக்கி மொழியிலயும்தான்.

அந்த இளவரசி கதையும் அப்படித்தான். கி.பி. 48-ல "அயுதா"விலேர்ந்து கப்பல்ல வந்து, சூரோ ராஜாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அயோத்தின்னு சொல்லி 2001-ல அங்கே நினைவுச் சின்னமே வச்சுட்டாங்க. இல்ல, எங்க கன்னியாகுமரின்னு நாம சொல்றோம். கதை இருக்கிற "சம்குக் யூசா" நூலு 13-ம் நூற்றாண்டு. நடந்ததா சொல்றதுக்கும் எழுதினதுக்கும் நடுவுல 1200 வருஷத்துக்கு மேல.

ஹ்யோங் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, நோட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார். "உங்க கிழமைக்கு என்ன அர்த்தம்?" நான் சொல்லச் சொல்ல அவர் பக்கத்துல எழுதினார். ஞாயிறு, சூரியன் - இரியோயில், சூரிய நாள். திங்கள், நிலா - வொரியோயில், நிலா நாள். செவ்வாய் - ஹ்வாயோயில், நெருப்பு. அது சீன முறையில செவ்வாய் கிரகம். புதன், நீர்க் கிரகம். வியாழன், மரக் கிரகம். வெள்ளிக்கு அவங்க பேரு பொன் நாள்! நமக்கு வெள்ளி, அவங்களுக்குப் பொன், ரெண்டும் அதே விடிவெள்ளி. சனி, மண் கிரகம். தோயோயில்.

ஏழும் ஒண்ணு. வரிசையும் ஒண்ணு. இது தற்செயலா இருக்க முடியாது, ஏன்னா அந்த வரிசை வானத்துல இல்ல. மெதுவா நகர்றதுலேர்ந்து வேகமா நகர்றது வரைக்கும் அடுக்கினா சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலான்னு வரும். ஒரு மணிக்கு ஒரு கிரகம்னு கொடுத்தா, 24-ஐ ஏழால வகுத்து மீதி மூணு. அதனால மறுநாள் முதல் மணி மூணு தள்ளி விழும். சனிக்கு அப்புறம் சூரியன், அப்புறம் நிலா, அப்புறம் செவ்வாய். நம்ம தினசரி காலண்டர்ல "ஹோரை"ன்னு போடறாங்களே, அதே கணக்கு. சொல்லே கிரேக்கம். அங்கிருந்து இந்தியா வந்து, 484-ம் வருஷத்து ஏரண் கல்வெட்டுல கிழமை பதிவாகியிருக்கு.

இந்தியாவிலேர்ந்து கிழக்கே போன வழியிலதான் நம்ம காஞ்சி வருது. வஜ்ரபோதின்னு ஒரு தென்னிந்திய பௌத்த துறவி. கைலாசநாதர் கோயில் கட்டின ராஜசிம்ம பல்லவன் காலத்துல காஞ்சியில இருந்தவர். இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியா கடல்ல போய் 720 வாக்குல சீனா சேர்ந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர் 759-ல சீன மொழியில ஆக்கின ஜோதிட நூல்ல ஏழு கிழமையும் வருது. அதை 806-ல கூக்காய்ங்கிற துறவி ஜப்பானுக்குக் கொண்டு போனார். அங்கே பஞ்சாங்கத்துக்குள்ள ஆயிரம் வருஷம் கிடந்து, 19-ம் நூற்றாண்டுல மேல்நாட்டு வாரம் வந்தப்போ கிழமைப் பேரா ஆபீசுக்கு வந்துச்சு. கொரியா 1896-ல புது நாட்காட்டிக்கு மாறின சமயத்துல அதே பேருங்க அங்கேயும் நிலைச்சுது.

போதிதர்மரை 7ஆம் அறிவு படம் 2011-ல நமக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. வஜ்ரபோதிக்கு யாரும் படம் எடுக்கல. அவர் பேரை எனக்கு அன்னைக்கு சொன்னதே ஹ்யோங்தான், கைலாசநாதர் கோயில் வாசல்ல வச்சு. ஏன்னா அவர்கிட்ட படிச்ச இன்னொரு சீடர் ஹ்யேச்சோ, சில்லா நாட்டுக் கொரியர். 720-கள்ல இந்தியாவெல்லாம் சுத்திட்டுப் போய் பயண நூல் எழுதினவர். அதோட ஏடு 1908-ல துன்ஹுவாங் குகையில கிடைச்சு, இப்போ பாரீஸ்ல இருக்கு. அவங்க ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கே அவரைத் தெரியுமாம்.

1300 வருஷத்துக்கு முன்னாடி, காஞ்சியில இருந்த ஒரு குருவும் ஒரு கொரிய சீடரும். அவங்க எந்த மொழியில நாள் குறிச்சுக்கிட்டாங்களோ! ரத்த சொந்தம்னு நிரூபிக்க நான் அலைஞ்சது எதுக்குன்னு தோணுச்சு. சொந்தமே இல்லாத ரெண்டு பேர் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டது அதைவிடப் பெருசு இல்லையா?

ஹ்யோங் ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார். போன மாசம் ஒரு மெசேஜ். "சென்னை வர்றேன். தோயோயில் பார்க்கலாமா தம்பி?"

நான் அனுப்பின பதில்: "நே, ஹ்யோங். தேதி சொல்லுங்க."