சல்சா: அடித்தவர் யார், பெயர் யாருக்கு?

இன்று நகரத்து நடனப் பள்ளிகளில் கட்டணம் வாங்கிக் கற்றுத்தரும் சல்சா, ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்ட முரசின் பிள்ளை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபாவின் ஹவானாவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோர் முரசடித்து ஊர்வலம் போகத் தடை இருந்தது. பறையைத் தீட்டு என்று சேரியோடு நிறுத்திய நம் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

1940 வாக்கில் காங்கா முரசை நடன இசைக்குழுவுக்குள் கொண்டுவந்தவர் ஆர்செனியோ ரோட்ரிகஸ். பார்வையற்றவர், அடிமையின் பேரன். அந்த இசை நியூயார்க் போய், போர்ட்டோ ரிகோ உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த ஹார்லெமிலும் பிராங்க்ஸிலும் வளர்ந்தது. 1964-ல் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 'சல்சா' என்ற பெயரை உலகெங்கும் விற்றது அந்த நிறுவனம்தான். கறுப்பினப் பெண்ணான செலியா குரூஸ் அதன் அரசியானார். 1978-ல் ரூபன் பிளேட்ஸும் வில்லி கொலோனும் 'சியெம்ப்ரா' தொகுப்பில் தெருவின் அரசியலைப் பாடினர். ஃபானியா கலைஞர்களின் புகழ்பெற்ற சீட்டா அரங்க நிகழ்ச்சி 1971 ஆகஸ்டில் நடந்தது. ஆர்செனியோ 1970 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை.

இது தூரத்துக் கதை இல்லை. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல் ஓடிய தூத்துக்குடி–கொழும்பு கடல்வழியில்தான் தோட்டக் கூலிகளும் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். கப்பல் வரலாற்றில் இருக்கிறது. கூலிகளின் பெயர்கள் இல்லை. ஃபானியா பிறந்த அதே 1964-ல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

இலங்கைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய பாட்டுதான் 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. உலகமே ஆடியது. அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், கண்டனங்கள் எழுந்தன. அதன் பிறகே தனி அட்டை வந்தது.

2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2025-ல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. யாரும் தானாகக் கொடுத்ததல்ல, போராடி வாங்கிய இடம். அடுத்த முறை ஒரு பாட்டைப் பகிரும்போது, எழுதியவர், அடித்தவர், பாடியவர் பெயரையும் சேர்த்தே பகிருங்கள். ஆர்செனியோவுக்கு நேர்ந்தது நம் ஆட்களுக்கு நேரக் கூடாது.

ஜெய்பீம்.