பத்து வெள்ளியில் பிறந்த சங்கம்

ரப்பர் தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்து வந்தது; வேலையோடு சேர்ந்தே போகவும் செய்தது. பால்மரம் வெட்டுகிறவர் குடும்பத்துக்கு லயத்தில் ஓர் அறை, பின்னால் ஒரு குசினி. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போக ஆயாக்கொட்டகை. கொஞ்சம் தள்ளித் தமிழ்ப்பள்ளி, அதற்கும் அப்பால் மாரியம்மன் கோயில். எல்லாம் கம்பெனி நிலத்தில் நின்றவை. முப்பது நாற்பது வருஷம் குடியிருந்தாலும் அந்த வீட்டுக்கென்று ஒரு துண்டுக் காகிதம் தொழிலாளி பெயரில் இருந்ததில்லை. தோட்டத்தை விற்றால் நம் கதி என்ன என்று கேட்கும் அவசியமும் நெடுங்காலம் வரவில்லை. ஓர் இலண்டன் கம்பெனியிடமிருந்து இன்னோர் இலண்டன் கம்பெனிக்குத் தோட்டம் போகும். லயம் அப்படியே இருக்கும். 1950களில்தான் அந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கு வந்தது.

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் பிறந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அதன் கதையைப் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே கோலகங்சார் போகும் வழியில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து தொடங்குவதே நியாயம்.

தமிழ்நாட்டிலிருந்து 1896இல் மலாயாவுக்கு வந்த வீராசாமி, சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வைக்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் மகன் வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று அதே ஊரில் பிறந்தார். கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் படித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பட்டம் பெற்றார். அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில், 1948 ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தில் ஒருவர், அருகே இன்னொரு தோட்டத்தில் இருவர். அவசரகாலம் அதிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு வருஷம் நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஐரோப்பிய முதலாளிகளின் மனம் மாறிவிட்டது. காட்டில் துப்பாக்கிச் சத்தம், நகரத்தில் சுதந்திரப் பேச்சு. கொரியப் போர்க் காலத்தில் ரப்பர் விலை எகிறியபோது, நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் பணத்தை ஊருக்குக் கொண்டுபோவது அவர்களுக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. வாங்க வந்தவர்களோ தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். பலர் சேர்ந்து பணம் போட்டு, ஆயிரம் இரண்டாயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, ஏக்கருக்கு இவ்வளவு என்று இலாபம் வைத்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். 1950க்கும் 1967க்கும் இடையே 3 இலட்சம் ஏக்கருக்கு மேல் இப்படித் துண்டானது.

இதன் கொடுமை அந்த அளவுக் கணக்குக்குள்ளேயே இருந்தது. மலாயாவில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம். அதற்குக் கீழே போனால் சிறுதோட்டம். தோட்டமாக இருக்கும்வரை வீடு, தண்ணீர், மருத்துவம், ஆயாக்கொட்டகை என்று முதலாளிக்குக் கடமைகள் உண்டு. ஐம்பது ஏக்கர், பத்து ஏக்கர் என்று வெட்டியபின் அந்தக் கடமைகளைச் சுமக்க யாரும் இல்லை. புதிதாக வாங்கியவர் தன் குடும்பத்தாரை வைத்தோ, ஒப்பந்த ஆள் வைத்தோ மரம் வெட்டிக்கொள்வார். லயம் இருக்கும் துண்டு ஒருவருக்கு, பள்ளிக்கூடம் இருக்கும் துண்டு வேறொருவருக்கு. ஒரு கிராமமே பத்திரப் பதிவில் காணாமல் போகும். பள்ளிகள் மூடப்பட்டன. தாத்தா காலத்திலிருந்து கும்பிட்ட கோயில் அந்நியர் நிலத்தில் நின்றது. குடியுரிமைத் தாள்கூட இல்லாத பலருக்குப் போக இடமே இல்லை.

அந்தத் தொழிலாளி கடனுக்கு எங்கே போவார்? ஈப்போ பழைய பட்டணத்தில் சார்ட்டர்ட் பேங்க் 1924லும் ஹாங்காங் ஷாங்காய் பேங்க் 1931லும் எழுப்பிய கட்டடங்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. ஈயமும் ரப்பரும் கொழித்த காலத்துப் பணம் அங்கே புரண்டது. மரம் வெட்டியவரின் பெயரில் அங்கே கணக்கு இல்லை. செட்டியார் கிட்டங்கியில் கடன் உண்டு, ஆனால் ஈடு வைக்கக் கிராண்ட் வேண்டும். நிலப்பட்டா இல்லாதவருக்கு அந்தப் படியும் எட்டாது. மிஞ்சியது கங்காணியிடம் கைமாற்று, மளிகைக் கடைப் பற்று, தாலிக்கொடியோடு அடகுக்கடை, லயத்துப் பெண்கள் தமக்குள் சீட்டுப் போல் போட்டுக்கொண்ட கூட்டு. கலியாணமும் காதுகுத்தும் அந்தக் கூட்டுப் பணத்தில்தான் நடந்தன. அதையும் 1971இல் ஒரு சட்டம் போட்டு நாடு தடை செய்தது.

சேமிப்புச் சங்கம் தோட்டத்துக்குப் புதிதல்ல. கூட்டுறவுச் சட்டம் 1922இலேயே மலாய் மாநிலங்களுக்கு வந்துவிட்டது. அதன்பின் தோட்டத்துக்குத் தோட்டம் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. ஆனால் அந்தச் சேமிப்பு ஊருக்குத் திரும்புகிறவருக்கானது. கப்பலேறும் நாளில் கையில் நாலு காசு இருக்கட்டும் என்ற எண்ணத்தில் நடந்தது. இங்கேயே இருக்கப் போகிறவர்களின் சேமிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்க 1957இல் சுதந்திரம் வரவேண்டியிருந்தது.

யோசித்தவர் சம்பந்தன். 1955இல் மலாயா இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராகவும் அதே ஆண்டில் தொழிலாளர் அமைச்சராகவும் ஆனவர். துண்டாடலைச் சட்டம் போட்டு நிறுத்தக் கோரிக்கைகள் எழுந்தன. நிலமோ மாநிலங்களின் கையில், விற்பவரோ சொந்தச் சொத்தை விற்கிறார். அவர் மாற்றிக் கேட்டார்: விற்பதைத் தடுக்க முடியாவிட்டால், வாங்குகிறவர் நாமாக ஏன் இருக்கக்கூடாது? தனியொருவருக்கு ஓர் ஏக்கர் வாங்கவும் வழியில்லை. ஆயிரக்கணக்கானவர் சேர்ந்தால் தோட்டத்தையே துண்டாக்காமல் முழுதாக வாங்கலாம். முழுதாக வாங்கினால் லயம் நிற்கும், பள்ளி நிற்கும். மறுநாள் காலையில் வழக்கம்போல் பிரட்டில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும், மரத்தில் பால் வடியும், அந்த வருமானம் வாங்கியவர்களிடமே திரும்பி வரும்.

சங்கத்தின் பங்கு ஒன்று 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம். இன்று சிறு தொகையாகத் தெரியும். நாள் சம்பளம் மூன்று வெள்ளியைச் சுற்றியிருந்த காலத்தில், மழை பெய்தால் அந்தச் சம்பளமும் இல்லாத தொழிலில், பத்து வெள்ளி என்பது குடும்பத்தின் மூன்று நான்கு நாள் சோறு. அதைக் கொடு என்று கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். நம்பிக் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும். கள்ளுக்கடையில் காசைத் தொலைக்கிறவர்கள், சேமிக்கவா போகிறார்கள் என்ற பேச்சு அன்று நிறையவே இருந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் முன் நின்று பேசினார். பங்குகள் சேர்ந்தன. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. மரம் வெட்டுகிறவர்களின் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் அது. பின்னர் ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்து சேர்ந்தன.

இதே காலத்தில் இன்னொரு மலேசியரும் ஏழைகளின் சேமிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ், ஹஜ் யாத்திரைக்காக நிலத்தையும் மாட்டையும் விற்கும் மலாய்க்காரக் கிராமத்தாருக்கென ஒரு சேமிப்பு நிதியை 1959இல் முன்மொழிந்தார். இன்றைய தாபோங் ஹாஜியின் வித்து அது. தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1962இல் வெளிவந்த விரிவான அறிக்கையும் அவருடைய உழைப்பே. தோட்ட நிலத்தை வெட்டி விற்க அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவாகப் பின்னாளில்தான் ஏறியது. அதற்குள் பெரும்பாலான துண்டாடல் முடிந்திருந்தது. சங்கம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. அதுதான் அதன் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

சங்கத்தின் அமைப்பில் இன்னொரு நல்லது இருந்தது. கூட்டுறவில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பின்னாளில் வேறொரு முயற்சி வேறு விதமாகப் போனது. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனிக்காக ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் ரிங்கிட் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் தோட்டங்களில் உண்டு. 2010இல் அவர்களுடைய ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் விலை பேசப்பட்டது. கொடுத்த மக்கள் அதே மக்கள்தாம். தியாகமும் அதே தியாகந்தான். பணம் எந்தப் பாத்திரத்தில் விழுந்தது என்பதில் இருக்கிறது வேறுபாடு. மண்ணாக மாறிய பணம் மண்ணாகவே நின்றது. சம்பந்தனுக்குப் பின் கே. ஆர். சோமசுந்தரம் நெடுங்காலம் நடத்திய நிலநிதிச் சங்கம் இன்றும் இருக்கிறது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் ஏறியிருக்கிறது.

சம்பந்தன் 1979 மே மாதம் மறைந்தார். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் ஏறக்குறைய பாதியைப் பொதுக் காரியங்களுக்காக விற்றுவிட்டிருந்தார். ஈப்போ பழைய பட்டணத்தில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

சங்கம் தொட்டதைச் சொன்னேன். தொடாததையும் சொல்லவேண்டும். பங்குச் சான்றிதழ் தோட்டத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு அதன் சொந்த வீட்டுக் கிராண்டாக அது ஆகாது. சங்கம் வாங்க முடிந்த தோட்டங்களைவிட வாங்க முடியாதவை மிக அதிகம். 1980களுக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாவதற்குப் பதிலாக வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறத் தொடங்கியபோது, பேராக் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றி வந்து சேர்ந்தன. புந்தோங்கிலும் சிலிபினிலும் வாடகை வீட்டில், புறம்போக்குப் பலகை வீட்டில், மலிவு விலை அடுக்குமாடியில் வாழ்க்கை தொடர்ந்தது.

மலிவு வீட்டின் விலை 1980களின் தொடக்கத்தில் 25,000 ரிங்கிட் என்று வரையறுக்கப்பட்டது. 1998க்குப் பிறகு இடத்தைப் பொறுத்து 42,000 வரை போனது. வேறு வீடுகளோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் பத்து விழுக்காடு முன்பணம் என்றாலே 2,500 ரிங்கிட். அதற்குமேல் பேங்க் கேட்பது மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பழைய கடன் ஒழுங்காகக் கட்டிய சாட்சி. புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்தில் தலைமுறையாக முறுக்கும் கடலையும் போட்டு விற்கும் குடும்பத்துக்குத் தினமும் வருமானம் உண்டு. சம்பளச் சீட்டு கிடையாது. ஒப்பந்தத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் அதே நிலை. ஒரு முறையும் தவறாமல் கூட்டுப் பணம் கட்டிய பெண்ணின் நாணயம் எந்தப் பேங்கின் ஏட்டிலும் ஏறாது.

அரசும் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குப் பேங்கிடம் உத்தரவாதம் நிற்க, நிதியமைச்சின் கீழ் 2008இல் எஸ்ஜேகேபி என்ற நிறுவனம் வந்தது. 2010களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே பிஎஸ்என் எனும் தேசிய சேமிப்பு வங்கி வழியாக 50 மில்லியன் ரிங்கிட் வீட்டுக் கடன் நிதி அறிவிக்கப்பட்டது: நான்கு விழுக்காடு வட்டி, இரு தலைமுறை கட்டலாம். நல்ல எண்ணம். ஆனால் தோட்டத்து நிலைமையில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயதில் கடன் எடுக்கும் தகப்பன், பிள்ளையையும் கையெழுத்துப் போட அழைக்கவேண்டும். பிள்ளையோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஆலை வேலையில் இருக்கிறான். அப்பாவின் தோட்டத்தருகே வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டால், தன் குடும்பத்துக்கு அவன் வாங்க நினைக்கும் வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் கடன் அவன் பெயரில் நிற்கும். அவன் தயங்கினால் அது தப்பாகுமா? எல்லாவற்றுக்கும் முதலில், கடன் வாங்கிக் கட்டுவதற்குத் தோட்டத்தைச் சுற்றி மனை வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை மில்லியன் ஒதுக்கினாலும் விண்ணப்பப் படிவமே வீட்டுக்கு வராது.

நிலநிதிச் சங்கம் பிறந்தபோது சரியாகப் பிடித்த முனை இதுதான்: முதலில் மண், பிறகுதான் கடன். மண் கைக்கு வந்தால் சேமிப்பைச் சேர்க்க வழிகள் உண்டு. லயத்துக் கூட்டின் ஒழுங்கோடு ஒரு கடன் சங்கத்தை நடத்தலாம். பத்துக் குடும்பம் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கலாம். எஸ்ஜேகேபி உத்தரவாதத்தைத் தனிமனிதருக்குப் பதில் சங்கத்துக்குக் கொடுக்கலாம். மண் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு தோட்டம் வீட்டுமனையாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறவேண்டுமானால், விவசாய நிலம் என்ற வகையை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலுக்குப் பின் நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. அந்த உயர்விலிருந்து, அந்த மண்ணில் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு மனை ஒதுக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஒப்புதல் கடிதத்திலேயே எழுத முடியும். எழுதும் அதிகாரம் ஈப்போவில், மாநிலச் செயலகத்தில் இருக்கிறது.