இரவல் நிலத்திலிருந்து சொந்த நிலத்துக்கு: சியாட்டில் நகரின் பொதுக் காய்கறித் தோட்டங்கள்

அமெரிக்க நகரங்களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கும்போதெல்லாம் காலி மனைகளில் காய்கறி முளைத்திருக்கிறது. தொழில் மீண்டதும் அதே மனைகளில் கட்டடம் எழுந்திருக்கிறது. 1893 பொருளாதார நெருக்கடியை அடுத்து டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்கிரி, நில உரிமையாளர்களிடம் சும்மா கிடந்த மனைகளைக் கேட்டு வாங்கினார். 1894இல் சுமார் 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் உருளைக்கிழங்கும் பீன்சும் பயிரிட்டன. செலவுக்குப் பணம் திரட்டத் தம் குதிரையையே ஏலத்தில் விட்டார் அவர். ஆனால் நிலம் இரவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மக்கள் உணவுக்காகப் பயிரிட்ட ‘வெற்றித் தோட்டங்கள்’ சுமார் 2 கோடியை எட்டின என்பர். போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மறைந்தன.

சியாட்டிலிலும் கதை நெருக்கடியில்தான் தொடங்கியது. 1970–71இல் போயிங் விமான நிறுவனம் அந்த வட்டாரத்துத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. அக்கம்பக்கத்தார் கூடி உணவு வழங்கும் அமைப்பு ஒன்று உருவானது. அதற்குக் காய்கறி விளைவித்துத் தர விரும்பிய பல்கலைக்கழக மாணவி டார்லின் ரண்ட்பெர்க், வெட்ஜ்வுட் பகுதியில் இத்தாலியிலிருந்து குடியேறிய பிக்கார்டோ குடும்பத்தின் பழைய காய்கறிப் பண்ணையில் ஒரு பகுதியைக் கேட்டார். ரெய்னி பிக்கார்டோ இசைந்தார். சதுப்பு மக்கிச் சேர்ந்த கரிய மண் அது.

நடுவே உணவு வழங்கலுக்கான வயல். அதில் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். கூட உழைக்கும் பெற்றோருக்குக் கைமாறாக ஓரத்தில் சிறுசிறு பாத்திகள். என் பார்வையில் நகரின் பொதுத் தோட்டத் திட்டத்தின் விதை நடு வயலில் இல்லை, இந்த ஓரப் பாத்திகளில்தான் இருக்கிறது. தானம் பெறவும் தானம் தரவும் மட்டுமே என்றிருந்த தோட்டத்தில், ‘இது என் பாத்தி’ என்று ஒருவர் களை பிடுங்க இடம் கிடைத்தது அங்கேதான். இன்றும் வெவ்வேறு அளவுகளில் குடும்பங்களுக்குப் பாத்திகள் தரப்படுகின்றன. ரசாயன உரத்துக்கு இடமில்லை. பொதுவேலைக்கும் ஆண்டுதோறும் சில மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

1973இல் நகராட்சி அப்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தது. ‘பி-பேட்ச்’ என்று திட்டத்துக்குப் பெயர் வந்தது. ‘பி’ என்பது பிக்கார்டோவின் முதலெழுத்து. வரலாறு சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆண்டையே கொண்டாடுகிறார்கள். நான் 1975ஐச் சொல்வேன். அந்த ஆண்டுதான் நகராட்சி நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கியது. பிங்கிரி காலத்திலிருந்து கைகூடாத ஒன்று, நெருக்கடி தணிந்த பிறகும் தோட்டம் நிற்பதற்கான உரிமை, அந்தப் பத்திரத்தால் கிடைத்தது. இன்று நகரெங்கும் ஏறத்தாழ 90 தோட்டங்கள் இருக்கின்றன.

ஆயினும் நகராட்சி நிலம் என்றாலே அது தோட்டமாகவே நீடிக்கும் என்று சொல்ல முடியவில்லை. 1990களில் மவுண்ட் பேக்கர் பகுதியின் பிராட்னர் பூங்கா நிலத்தை வீடு கட்ட விற்கும் யோசனையை நகர நிர்வாகமே முன்வைத்தது. லாவோசிலிருந்து அகதிகளாக வந்த மியென் மக்கள் உட்படப் பலர் அங்கே பயிரிட்டு வந்தனர். பூங்கா நிலம் பற்றிய மக்கள் முன்மொழிவு ஒன்றுக்கு அக்கம்பக்கத்தார் கையெழுத்து திரட்டினார்கள். 1997இல் அதை நகர மன்றம் சட்டமாக ஏற்றது: பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால், அதே வட்டாரத்தில் ஈடான நிலத்தைத் தந்தாக வேண்டும். பிராட்னரில் பாத்திகள் இன்றும் இருக்கின்றன.