அழிந்த நாடாவும் அழியாத ஒலியும்

கண்ணால் பார்க்காத நாடகத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்க முடியுமா? ஆங்கில நாட்டு ரசிகர்கள் சிலர் பல ஆண்டுகளாக அதைச் செய்து வருகிறார்கள்!

கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் கேட்கும் 'பாட்காஸ்ட்' என்னும் ஒலித் தொகுப்புகளை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். அச்சொல் பிறந்தது 2004ஆம் ஆண்டில். 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடருக்கென்றே இத்தகைய தொகுப்புகள் பல உள்ளன. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு கதையாக எடுத்து அலசுவார்கள். ஆனால் 1960களின் கதைகளுக்கு வரும்போது ஒரு தடங்கல். பலவற்றுக்குப் படமே இல்லை. பேசுபவர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே அது அழிந்துவிட்டது. என்றாலும் வசனம் முழுவதும் அவர்களுக்குத் தெரியும். கதவு திறக்கும் ஓசைகூடத் தெரியும். படம் போய் ஒலி மட்டும் எப்படித் தங்கியது? இதற்கு விடை காண, காந்த நாடாவின் இயல்பையும் ஓர் அலுவலகத்தின் போக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் தொடரைப் பற்றிச் சில சொற்கள். பி.பி.சி. நிறுவனம் இதன் முதல் பகுதியை ஒளிபரப்பியது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தைய நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதனால் மறு வாரம் முதல் பகுதியை மீண்டும் காட்டிவிட்டே இரண்டாம் பகுதிக்குச் சென்றார்கள். போலீஸ் தொலைபேசிக் கூண்டு போலத் தோன்றும் ஒரு கலத்தில் ஏறிக் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் விசித்திர மனிதர்தான் கதாநாயகர். அவருடன் செல்லும் இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர், மற்றவர் வரலாறு கற்பிப்பவர். சிறுவர்களுக்கு இரண்டு பாடங்களையும் கதை வழியே ஊட்டுவதே அன்றைய நோக்கம். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் நாட்டு லக்னோவில் பிறந்தவர். தொடர் 1989 வரை ஓடி நின்று, 2005இல் மறுபடி தொடங்கியது.

அக்காலத்தில் படத்தை நாடாவில் பதிப்பது எளிய காரியமன்று. மனிதச் செவி உணரும் மிக உயர்ந்த ஒலி, நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் கொண்டது. 405 கோடுகளால் ஆன அன்றைய ஆங்கிலத் தொலைக்காட்சிப் படத்துக்கோ நொடிக்கு 30 இலட்சம் அதிர்வுகள் வரை தேவைப்பட்டன. அதிர்வு மிக மிக, காந்தத் தலையைக் கடந்து நாடா ஓடும் வேகமும் மிக வேண்டும். நாடாவை அவ்வளவு விரைவாக இழுத்தால் அது அறுந்து போகும். மலை போல் குவிந்தும் போகும். எனவே நாடாவை ஓட்டுவதற்குப் பதிலாகத் தலையையே சுழற்றலாம் என்று அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் கண்டார்கள். 1956இல் வெளிவந்த அவர்களுடைய கருவியில் நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். சிறு சக்கரம் ஒன்றில் பொருத்திய நான்கு தலைகள் நாடாவைக் குறுக்காகத் தடவிச் செல்லும். ஐரோப்பிய முறையில் அச்சக்கரம் நிமிடத்துக்கு 15,000 முறை சுழன்றது. நாடா நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும்; ஆனால் தலைக்கும் நாடாவுக்கும் இடையேயான வேகம் சுமார் 40 மீட்டர்! இத்தகைய கருவியை எந்த வீட்டில் வைக்க முடியும்? நாடாவின் விலையும் கொஞ்சமன்று.

விலை அதிகம் என்பதாலேயே நாடாவை அழித்து அழித்துப் பயன்படுத்தினார்கள். கரும்பலகையைத் துடைத்து அடுத்த பாடத்தை எழுதுவது போலத்தான். நடிகர் சங்கத்துடன் செய்திருந்த ஒப்பந்தப்படி, ஒரு நிகழ்ச்சியை விரும்பியபோதெல்லாம் மறுஒளிபரப்புச் செய்யவும் முடியாது. மறுபடி காட்ட முடியாத நாடாவை யார் காப்பார்கள்?

இருந்தாலும் வெளிநாடுகளுக்கு விற்பதற்காக வேறொரு பிரதி எடுத்தார்கள். படம் ஓடும் திரைக்கு எதிரே 16 மில்லிமீட்டர் திரைப்படக் கேமராவை நிறுத்தி, அதைப் பிலிமில் பிடிப்பது அந்த முறை. பிலிம் சுருள்கள் நாடு நாடாகச் சென்றன. ஒளிபரப்பிய நிலையங்கள் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். வண்ணத் தொலைக்காட்சி பரவியதும் கறுப்பு வெள்ளைப் படத்தை வாங்க ஆளில்லை. விற்பனைப் பிரிவினர் பிலிம் சுருள்களையும் கழித்துக்கட்டினர். மூலப் படத்தை வேறு பிரிவு வைத்திருக்கும் என்று ஒவ்வொரு பிரிவும் நினைத்தது போலும்! முழுப் பொறுப்பு எவருக்கும் இல்லை. இது பகைமையால் நேர்ந்ததன்று. கணக்கு ஒழுங்காக எழுதிச் செய்யப்பட்ட அழிவு. அதுவே இதில் அதிகம் உறுத்துகிறது.

1978இல் சூ மால்டன் என்னும் பெண்மணி, எதைக் காக்க வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார். அழிவு எப்படி நடந்தது என ஆராய அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 'டாக்டர் ஹூ'தான். ஏறக்குறைய அதே சமயத்தில் ரசிகர்களும் கிடங்குக் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தனர். அழிப்பு நின்றது. ஆனால் முதல் ஆறு ஆண்டுத் தொடர்களின் 253 பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை அதற்குள் போய்விட்டிருந்தன.

இனி ஒலிக்கு வருவோம். படத்துக்குத் தேவையான 30 இலட்சம் அதிர்வு எங்கே, ஒலிக்குத் தேவையான 20,000 எங்கே? ஒலிக்கு நொடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் ஓடும் சாதாரண வீட்டு ஒலிப்பதிவுக் கருவி போதும். 25 நிமிடப் பகுதிக்குச் சுமார் 140 மீட்டர் நாடா. அன்றைய இளைஞர் சிலர் இதைத்தான் செய்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி அருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டார் இருமாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டும் இருந்திருப்பார்கள். மின்னியல் ஞானம் உள்ளவர்கள் பெட்டியின் உள்ளே கம்பியை இணைத்து நேரடியாகவே பதிந்தார்கள். அவர்களுடைய நாடாக்கள் இன்றும் வியக்கத்தக்க தெளிவோடு ஒலிக்கின்றன. வீடியோ கருவி வீடுகளுக்கு வராத அந்நாளில், கதையை மறுமுறை அனுபவிக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. வரலாற்றுக்காக அவர்கள் பதியவில்லை; மறுபடி கேட்கத்தான் பதிந்தார்கள். பலர் தனித்தனியே பதிந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சேர்த்ததில், காணாமற்போன பகுதிகள் அத்தனைக்கும் ஒலி கிடைத்துவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை!

ஒலிக்குத் துணையாக நிழற்படங்களும் ஓரளவு கிடைத்தன. ஜான் குரா என்பவர் தம் வீட்டுத் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். 1969இல் அவர் காலமானார். அவர் எடுத்த படங்களை வரிசையாக வைத்து ஒலியுடன் பொருத்தினால் கதை ஒருவாறு கண்முன் வரும். 2016இல் பி.பி.சி.யே 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையின் ஆறு பகுதிகளுக்கும் கேலிச்சித்திர உருவம் கொடுத்து, முதல் ஒளிபரப்பின் சரியான 50ஆவது ஆண்டு நாளில் வெளியிட்டது. படம் புதிது, ஒலி மட்டும் வீட்டு நாடாக்களில் தப்பிய அந்தப் பழைய ஒலியே.

பிலிம் சுருள்களும் அவ்வப்போது எங்கெங்கிருந்தோ தலைகாட்டின. 1992இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்தது வேடிக்கையானது. குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் வெட்டி எறிந்த துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடந்ததை 1996இல் ரசிகர்கள் கண்டெடுத்தனர். முழுப்படம் அழிந்தது, ஆகாதென்று வெட்டியது பிழைத்தது! 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையத்தில் ஒன்பது பகுதிகள் கிடைத்தன. அவற்றையும் கழித்து, அப்போது எஞ்சிய கணக்கு 97.

நைஜீரியாவில் கிடைத்தவற்றுள் 'எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற கதையின் பகுதிகளும் இருந்தன. அதுவரை அக்கதையைச் சுமார் ரகம் என்றே பலரும் சொல்லி வந்தார்கள். பாட்ரிக் டிரவுட்டன் அதில் கதாநாயகராகவும் வில்லனாகவும் இரட்டை வேடம் பூண்டவர். கண் அசைவிலும் நடையிலும் அவர் காட்டிய வேறுபாட்டைச் செவி எப்படி அறியும்? படம் வந்ததும் கருத்து மாறிற்று. ஒலி நாடாவை வைத்துப் பேசுபவர்கள் பேசுவது பாதி நாடகத்தைப் பற்றித்தான் என்பதை இது காட்டியது. பழங்காலத்தை எஞ்சிய துண்டுகளிலிருந்து எடைபோடும் எல்லாருக்கும் வரும் இடர் இது.

விஞ்ஞான மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1970 முதல் தொடர் வண்ணத்தில் வந்தது. அதிலும் சில பகுதிகளின் வண்ண நாடா அழிந்து, கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டும் மிஞ்சியது. அமெரிக்க ரசிகர் ஒருவர் வீட்டு வீடியோவில் பதிந்த மங்கலான வண்ணப் பிரதியிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்து, தெளிவான பிலிமின் மீது ஏற்றி, 'டீமன்ஸ்' கதையை 1992இல் மீட்டார்கள். நிறத்தின் நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே மங்கல் தெரியவில்லை.

வண்ணப் பிரதியே இல்லாவிட்டால்? வண்ணச் செய்தியைத் தாங்கும் நுண்ணிய மின்னலை, பிலிம் எடுக்கும்போது திரையில் சிறு புள்ளிகளாகத் தெரியும். அதை வடிகட்ட வேண்டும் என்பது விதி. பல சமயங்களில் வடிகட்டாமலே விட்டுவிட்டார்கள். அந்தப் புள்ளிகளைக் கணிப்பொறியால் அளந்து பழைய நிறங்களையே மீட்கும் முறை 2008இல் வெற்றி கண்டது. 'மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் ஆறு பகுதிகளில் ஐந்துக்கு இவ்வாறு நிறம் வந்தது. முதல் பகுதியில் புள்ளிகள் இல்லை. ஆகவே அதற்குக் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டியதாயிற்று.

கடைசியாக, லக்னோவில் பிறந்த ஹுசைனுக்குத் திரும்புவோம். 1964இல் அவர் எடுத்த மற்றொரு கதை 'மார்கோ போலோ'; பாண்டிய நாட்டுக் காயலைப் பற்றி எழுதிய அதே பயணி. கதை பாமிர் மலையில் தொடங்கிக் குப்ளாய்கானின் பீக்கிங்கில் முடியும். ஏழு பகுதிகள், 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒன்றின் பிலிமும் மிஞ்சவில்லை. ஒலி ஏழுக்கும் உண்டு. ஜான் குரா எடுத்த திரைப் புகைப்படங்களை ஹுசைன் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் நான்காம் பகுதியை இயக்கியவர் வேறொருவர். எனவே ஹுசைனின் சேகரிப்பில் இருந்தவை மற்ற ஆறு பகுதிகளின் படங்கள் மட்டுமே. நான்காம் பகுதி வரும்போது, ஒலியைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.